அம்மாவுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 72. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, எல்லாம் கைக்கே போய்விடும். ஆனாலும் யாரோடும் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதில்லை. எப்போதும் உடம்பு வலி என்கிறார்; பரிசோதித்த மருத்துவர் ஒன்றும் இல்லை என்கிறார். நாங்கள் என்ன குறை வைத்தோம்? – ஒரு மகள்

பதில்: குறை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை’ என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் காலமெல்லாம் ஒரு குடும்பத்தைத் தாங்கியவருக்கு, ‘நீங்க சும்மா இருங்க’ என்பது ‘இனி நீங்க வேண்டாம்’ என்றும் காதில் விழும்.

ஸ்டெஃபனி பிரவுன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 423 வயதான தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து, 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறருக்கு உதவிக்கொண்டிருந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உதவி பெற்றுக்கொண்டதில் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. நாம் ஆதரவு என்றாலே கொடுப்பதைத்தான் நினைக்கிறோம். அவர்களிடம் உதவி கேட்பதும் ஆதரவுதான்.

அதனால் அம்மாவிடம் ஏதாவது கேளுங்கள். ஒப்புக்கு ஒரு வேலை வேண்டாம், அது அவருக்குப் புரிந்துவிடும். வீட்டுக் கணக்கோ, பேரப்பிள்ளையின் பாடமோ, உண்மையிலேயே அவர் பொறுப்பில் விடுங்கள். மெதுவாகச் செய்தால் காத்திருங்கள். அவர் செய்து முடித்ததைப் பின்னாலேயே போய்த் திருத்தாதீர்கள். அதைப் பார்த்துவிட்டால் மறுபடி தொடமாட்டார்.

கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற மனம் நெருக்கமான சிலரையே தேடுகிறது. பழைய சிநேகிதி ஒருவர் வாரம் தவறாமல் பேசினாலே பெரிய விஷயம். போன் வந்தால் விலகிப் போகிறாரா? காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அப்பாவின் பேச்சை எடுக்கத் தயங்காதீர்கள்; அழுதால் அழட்டும்.

இதையெல்லாம் சொன்னாலும், மனநல மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். முதுமையில் மனச்சோர்வு கண்ணீராக வராமல் வலியாகவும் தூக்கமின்மையாகவும் மறதியாகவும் வரும். தைராய்டு கோளாறாலும் வைட்டமின் பி12 குறைபாட்டாலும் இப்படி ஆகலாம், அதையும் பார்ப்பார்கள். மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லும் 15 கேள்விகளே உண்டு. குணப்படுத்தக்கூடியதுதான்; வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். ‘நான் ஏன் இருக்கணும்’ என்று அம்மா சொன்னால், ‘அப்படிப் பேசாதீங்க’ என்று வாயை அடைக்காமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

மருத்துவர் அவரிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அம்மாவே சொல்லட்டும்.