ஸ்கிரீனில் ஒரு நிறம், ஆல்பத்தில் வேறு நிறம்

வணக்கம் சார்,

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். லேப்டாப்பில் நன்றாகத் தெரியும் படங்கள் பிரிண்ட் ஆகி வரும்போது இருட்டடித்து, முகமெல்லாம் மஞ்சள் பூத்து வருகின்றன. பிரிண்ட் போடும் லேப்காரர் என் ஸ்கிரீன்தான் சரியில்லை என்கிறார். ஸ்கிரீனின் நிறத்தைச் சரிசெய்ய விண்டோஸிலேயே இருக்கும் கேலிப்ரேஷன் போதாதா, மீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் லேப்காரர் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருட்டுக்கு முதல் காரணம் பிரைட்னஸ். பல லேப்டாப்கள் முழு பிரைட்னஸில் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை போகும், அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். அவ்வளவு வெளிச்சத்தில் படம் தூக்கலாகத் தெரியும், நீங்களும் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே போவீர்கள், காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. மஞ்சளும் அப்படித்தான். பல லேப்டாப் திரைகள் வரும்போதே நீலம் தூக்கலாக இருக்கும், அதைச் சமாளிக்க நாம் முகத்தில் மஞ்சளை ஏற்றிவிடுகிறோம்.

விண்டோஸில் இருப்பது கண்ணை நம்பிச் செய்யும் வேலை. கண்ணோ எந்த வெள்ளைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும், அதனால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அது போதாது, திரையில் வைத்து நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். தனியாக வாங்க முடியாவிட்டால் ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். அதோடு சேர்த்து அளக்க உதவும் டிஸ்ப்ளேகேல் என்ற மென்பொருள் இலவசம்.

அளப்பதற்கு முன்னால் நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ், பேட்டரியை மிச்சம் பிடிக்க காட்சியை மங்கலாக்கும் செட்டிங், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் ஓடட்டும். மென்பொருளில் வைக்க வேண்டிய இலக்கு, வெள்ளைக்கு 6500 கெல்வின், நடுத்தர வெளிச்சப் பகுதிகளுக்கு காமா 2.2, பிரைட்னஸுக்கு 100 நிட்ஸ். முடிந்த பிறகு பிரைட்னஸ் பட்டனைத் தொடவே கூடாது, தொட்டால் அளந்தது வீண். கிடைக்கும் ஐசிசி புரொஃபைலை, அதாவது உங்கள் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்பு பைலை, விண்டோஸ் வைத்துக்கொள்ளும், போட்டோஷாப் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் போட்டோஷாப்பின் ஒர்க்கிங் ஸ்பேஸில் (படத்தின் நிறங்களுக்கான அளவுகோல்) போட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அங்கே எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பு இருக்கட்டும், லேப் வேறு கேட்காத வரை பைலையும் அதிலேயே அனுப்புங்கள்.

ஆனால் பேனலுக்கு வராத நிறத்தை எந்த மீட்டராலும் வரவழைக்க முடியாது. விலை குறைந்த லேப்டாப்பில் '45% என்டிஎஸ்சி' என்று (பேனல் எவ்வளவு நிறம் காட்டும் என்ற கணக்கு) போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட வருவது கஷ்டம். கூரைப் புடவையின் சிவப்பு அதில் செங்கல் மாதிரி வெளிறித் தெரியும், நீங்கள் சாச்சுரேஷனை ஏற்றுவீர்கள், பிரிண்டில் மடிப்பும் ஜரிகையும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வந்து நிற்கும். உங்களுடையது அந்த ரகம் என்றால் மீட்டருக்கு முன்னால், எஸ்ஆர்ஜிபி முழுக்க வரும் ஐபிஎஸ் வகை மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிரிண்டில் எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே பார்க்க, லேப்பில் அவர்கள் பேப்பருக்கான புரொஃபைலைக் கேளுங்கள். ஒரே ஒரு படத்தை 'கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்' என்று சொல்லி டெஸ்ட் பிரிண்ட் போடச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் நிழலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் மஞ்சளாக வந்தால் அந்த பிரிண்டையே எடுத்துக்கொண்டு போய் லேப்காரரிடம் பேசலாம்.