கடிதம்: பையன் சொன்னதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?

வணக்கம் மேடம். பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டி வெச்சிருக்கேன். உங்க கதைங்களை என் பொண்ணு போன்ல எடுத்துக் குடுத்துப் படிச்சிருக்கேன். கடிதம்னு எழுதறது இதான் முதல் தடவை, தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க.

பையன் பெங்களூர்ல வேலை பாக்கறான், வயசு 27. ஆடி 18க்கு வந்தவனைக் கூட்டிக்கிட்டு ஒகேனக்கல் போயிட்டு, திரும்பும்போது பாப்பாரப்பட்டி வர்றதுக்குள்ள வண்டிய ஓரமா நிறுத்துப்பான்னான். இறங்கி நின்னுக்கிட்டு, எனக்கு பொண்ணுங்க மேல நாட்டம் வராதுப்பா, ஆம்பளைங்க மேலதான் வருது, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், எனக்கு கல்யாணம் பேசாதீங்கன்னு சொல்லிட்டு அழுதான். நான் ஒண்ணும் பேசல மேடம். வண்டிய எடுத்து வீட்டுக்கு வந்துட்டேன். அவங்கம்மாகிட்ட சொன்னதுல இருந்து அவ சரியா சாப்பிடறதில்ல, எந்தக் கோயில்ல என்ன குத்தம் வெச்சோம்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. டாக்டர்கிட்ட காட்டினா சரியாகுமா? இவன் நாளைக்கு திருநங்கையா மாறிடுவானா? போலீஸ் கேசு ஏதாச்சும் ஆகுமா? இவ்வளவு பெரிய ஊர்ல இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்ல. என் மச்சான் பொண்ணை சின்ன வயசுலயே இவனுக்குன்னு பேசி வெச்சது, தையில வெச்சுக்கலாம்னு மச்சான் நெருக்கறார். அவருக்கு விஷயம் தெரியாது. கல்யாணம் ஆனா எல்லாம் மாறிடும்னு அவங்கம்மா நம்பறா.

இப்படிக்கு, ஒரு அப்பா.

---

அண்ணே, வணக்கம்.

நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் போடறேன், உங்களை அடையாளம் தெரியற மாதிரி இருந்த விவரமெல்லாம் மாத்திட்டேன். நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லப் போறதில்ல. கடைசியில எழுதினீங்களே மச்சான் பொண்ணு, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா மத்ததுக்கெல்லாம் டைம் இருக்கு, அந்தப் புள்ளைக்கு தை மாசம் வரைக்கும்தான் டைம்.

எங்க பெரியப்பா பையன் ஒருத்தர். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தவர், எனக்கு அவர்னா அவ்வளவு பிரியம். 2001ல அவருக்குப் பொண்ணு பாத்தாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி மொரப்பூர் ஸ்டேஷன்ல திருப்பூர் போற ட்ரெயினுக்கு நின்னுக்கிட்டிருந்தப்போ உங்க பையன் சொன்ன அதே விஷயத்தை அவர் எங்கிட்ட சொன்னார். அவ்வளவு தெளிவா சொல்லத் தெரியல, அப்ப அதுக்கு எங்ககிட்ட வார்த்தையே இல்ல, எனக்கு இது வேணாம் பாப்பா நீயாச்சும் பெரியம்மாகிட்ட சொல்லுன்னார். நான் சொல்லல. பயம், அப்புறம் நான் சொன்னா யாரு கேப்பாங்கன்னு ஒரு சமாதானம். நிச்சயத்துக்கு தட்டு தூக்கினதுல நானும் ஒருத்தி. அண்ணி அப்ப நர்சிங் ரெண்டாவது வருஷம், கல்யாணத்துக்காக படிப்பை நிறுத்தினாங்க. நாலு வருஷம். அடி உதை எதுவும் இல்ல, ஆனா ஒரே வீட்டுல ரெண்டு பேரும் வேற வேற மூலையில உக்காந்திருப்பாங்க, ஊரே அண்ணியைத்தான் கேட்டுச்சு விசேஷம் இல்லையா விசேஷம் இல்லையான்னு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டதும் அவங்களைத்தான். கடைசியில அம்மா வீட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் எங்கிட்ட வந்து, உங்க வீட்டுல யாருக்காச்சும் முன்னாடியே தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாது அண்ணின்னு சொன்னேன்.

அண்ணே, அந்த ஒரு பொய்யை இருபது வருஷம் தூக்கிக்கிட்டு நடந்தேன். அப்புறம் ஒரு நாள் ஊத்தங்கரைக்குப் போய் அண்ணிகிட்ட ஒத்துக்கிட்டேன். இப்ப டைலர் கடை வெச்சிருக்காங்க. ரொம்ப நேரம் துணியை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் சொன்னாங்க, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த நர்சிங்கையாச்சும் முடிச்சிருப்பேன்ல. வேற எதுவும் சொல்லல. பெரியப்பா செத்தப்ப காரியத்துக்கு வந்தவர்தான் அண்ணன், அதுக்கப்புறம் ஊருக்கு வரல.

அதனால கல்யாணம் ஆனா மாறிடும்ங்கறதை உங்க வீட்டம்மா நம்பறது எனக்குப் புரியுது, ஆனா அந்த நம்பிக்கைக்கு விலை குடுக்கப்போறது உங்க மச்சான் பொண்ணு. அது உங்களை மாமான்னு கூப்பிட்டு வளந்த புள்ள. பையன் விஷயத்தை மச்சான்கிட்ட சொல்லணும்னு இல்ல, அதைச் சொல்லலாமா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது பையன், அவன்கிட்ட கேக்காம நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆனா இந்த சம்பந்தம் வேணாம், பையனுக்கு இஷ்டமில்ல, பொண்ணுக்கு வேற நல்ல இடம் பாருங்க மச்சான்னு இந்த வாரமே சொல்லிடலாம். மச்சான் கோவிச்சுக்குவார், ஒரு ரெண்டு பொங்கலுக்கு சீர் வராம போகலாம். அதைத் தாங்கிக்கலாம் அண்ணே.

இப்ப டாக்டர். உங்க பையன் சொன்னதுக்கு பேரு தன்பாலீர்ப்பு, அது வியாதி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990லயே அதை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு, நம்ம நாட்டு மனநல டாக்டர்ங்க சங்கமும் 2018ல இது நோய் இல்லைன்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க. மாத்திக் காட்றேன்னு ஊசி, ஷாக், மாத்திரை, மாசக்கணக்குல கவுன்சிலிங்னு காசு பிடுங்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனை ஒரு இடத்துல கொண்டு போய் விட்டு அவன் வெளிய வரும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்காத ஆளா வந்தான். மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2021 ஜூன்ல இந்த மாதிரி மாத்தற வைத்தியமே கூடாது, செய்யறவங்க லைசன்ஸ் மேலயே நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லிச்சு, அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர் தொழிலுக்கே விரோதமான நடத்தைன்னு அறிவிச்சிச்சு. எவராச்சும் நான் மாத்தறேன்னு சொன்னா அந்த எடத்துல உக்காராதீங்க, எழுந்து வந்துடுங்க. மந்திரிக்கறது, தாயத்து, சாமியார் எல்லாத்துக்கும் இதே பதில்தான். எந்தக் கோயில் குத்தமும் இதுல இல்லைன்னு வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க வளத்ததுல குறைன்னும் எதுவும் இல்ல.

ஆனா டாக்டர் வேணும் அண்ணே, பையனுக்கு இல்ல, உங்க வீட்டம்மாவுக்கு. தூக்கமில்லாம சாப்பாடு இல்லாம ஒரு மனுஷி எத்தனை நாள் இருக்க முடியும்? தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க. நேர்ல போக கூச்சமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, கவர்மென்ட்டோட டெலிமானஸ்ங்கற மனநல உதவி போன் லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க. நீங்க மண்டிக்கு எழுந்திரிக்கற நேரம்தானே அது, அந்த நேரத்துல மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

திருநங்கையா மாறிடுவானான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க, அது வேற இது வேற. திருநங்கைங்கறது தான் யாருங்கற விஷயம், பொறந்தப்போ ஆம்பளைன்னு சொன்னாங்க ஆனா அவங்க மனசறிஞ்சு பொண்ணு. உங்க பையன் ஆம்பளைதான், ஆம்பளையாத்தான் இருப்பான், அவன் மனசு யார் மேல போகுதுங்கறதுதான் வேற. நம்ம பக்கம் கூத்துல திரௌபதி வேஷம் கட்டறவங்களை வெச்சு, கொஞ்சம் நளினமா நடக்கற பசங்களை வெச்சு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி கேலி பண்ணியே பழகிட்டோம். இதுக்கெல்லாம் மரியாதையான தமிழ் வார்த்தை வேணும்னு அதே மெட்ராஸ் ஹைகோர்ட்டு சொல்லி, 2022ல தமிழ்நாடு அரசே ஒரு சொல் பட்டியல் வெளியிட்டுச்சு. பையன்கிட்ட பேசும்போது ஊர்ல சொல்ற அந்த கெட்ட வார்த்தைங்க வாயில வராம பாத்துக்குங்க, கோவத்துலகூட வேண்டாம். ஒரு தடவை அப்பா வாயில இருந்து அது வந்துட்டா அப்புறம் எடுக்க முடியாது. (அதே போல நாளைக்கு யாரோ ஒருத்தர் புள்ள திருநங்கையா இருந்தா அது மட்டும் கேவலம்னு இல்ல. அதுவும் பெத்த புள்ளதான்.)

போலீஸ் பயம் வேண்டாம். இந்த மாதிரி உறவைக் குத்தம்னு சொன்ன 377ங்கற சட்டப்பிரிவு வெள்ளைக்காரன் 1860ல எழுதினது, வயசு வந்த ரெண்டு பேரு சம்மதத்தோட இருக்கறது குத்தமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6ல சொல்லிடுச்சு. ரெண்டு ஆம்பளைங்க கல்யாணத்தை சட்டப்படி பதியறதுக்கு மட்டும் 2023 அக்டோபர்ல அதே கோர்ட்டு வழி விடல. அந்தக் கேசு நடக்கும்போது ஸ்வீகார்னு ஒரு பெத்தவங்க அமைப்பு, ஸ்வீகார்னா ஏத்துக்கறதுன்னு அர்த்தம், அதுல இருந்து 400க்கு மேல அப்பா அம்மாங்க சேந்து தலைமை நீதிபதிக்கு லெட்டர் எழுதினாங்க, எங்க புள்ளைங்க உறவுக்கு சட்ட அங்கீகாரம் குடுங்க, எங்களுக்கும் வயசாகுதுன்னு. நானூறு பேரு அண்ணே. அவங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு பாப்பாரப்பட்டி ரோடு இருந்திருக்கும், ஒரு அப்பா ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்திருப்பார்.

இங்கதான் உங்க உண்மையான கேள்விக்கு வர்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லைன்னீங்களே. பசங்க பரவால்ல, போன்ல தேடியாச்சும் தன்னை மாதிரி நாலு பேரைக் கண்டுபிடிச்சுக்கறாங்க, பெங்களூர்ல நண்பர்கள் கெடைக்கறாங்க. புள்ள மனசுல இருந்து இறக்கி வெச்ச சுமையை வாங்கி தலையில வெச்சுக்கிட்டு நிக்கற அப்பா அம்மாவுக்குத்தான் யாரும் கிடையாது. அமெரிக்காவுல ஜீன் மேன்ஃபோர்டுன்னு ஒரு ஸ்கூல் டீச்சரம்மா, 1972ல தன் பையன் கூட ஊர்வலத்துல ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க, பெத்தவங்களே புள்ளைங்களுக்காக ஒண்ணு சேருங்கன்னு. வழியெல்லாம் பசங்க ஓடி வந்து எங்கம்மாகிட்டயும் பேசுங்களேன்னு கெஞ்சினாங்களாம். அடுத்த வருஷம் மார்ச்ல ஒரு சர்ச்ல பெத்தவங்க கூட்டம் போட்டாங்க, வந்தது ஒரு 20 பேர். இன்னைக்கு அந்த நாட்டுல அதுக்கு நூத்துக்கணக்குல கிளை இருக்கு. ஆரம்பிச்சது ஒரு டீச்சர்தான், அரசாங்கமோ கோர்ட்டோ இல்ல.

இங்கயும் நான் முன்ன சொன்ன அந்த 2021 மெட்ராஸ் ஹைகோர்ட்டு கேசுல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு காரியம் செஞ்சார், எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அதனாலதான். மதுரைப் பக்கத்துல இருந்து வந்த ரெண்டு பொண்ணுங்க கேசு அது. பொண்ணுங்களை மட்டுமில்லாம ரெண்டு வீட்டுப் பெத்தவங்களையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார், எனக்கும் இது முழுசாப் புரியலைன்னு ஒத்துக்கிட்டு தானே ஒரு மனநல நிபுணர்கிட்ட போய் உக்காந்து கேட்டுட்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். 2025 மே மாசம் இன்னொரு தீர்ப்பு, வேலூர் பக்கத்துப் பொண்ணு ஒண்ணை வீட்டுல அடைச்சு வெச்ச கேசு, அதுல எல்லாப் பெத்தவங்களும் லீலா சேத் மாதிரி இருந்துட மாட்டாங்கன்னு நீதிபதிங்க எழுதினாங்க. லீலா சேத்துங்கறவங்க ஒரு ஹைகோர்ட்டுக்கு தலைமை நீதிபதியான முதல் பெண், தன் பையனுக்காக வெளிப்படையா நின்னவங்க. அவங்க படிப்பும் பதவியும் நமக்கு எங்க இருக்கு? சென்னையில ஓரினம் மாதிரி அமைப்புங்க ரொம்ப வருஷமா குடும்பத்துக்காரங்ககிட்டயும் பேசறாங்க, தமிழ்லயே எழுதறாங்க, உங்க பொண்ணுகிட்ட சொன்னா எடுத்துக் குடுப்பா. ஆனா சென்னை மீட்டிங்குக்கு மண்டியை விட்டுட்டு போயி, நல்லாப் படிச்சவங்க நடுவுல உக்காந்து நீங்க வாயைத் திறப்பீங்களா? எனக்குத் தெரிஞ்சு மாட்டீங்க. நம்ம பேச்சுல, நம்ம சாதிசனத்தைப் பத்தி, சீர், முறைமாமன், குலதெய்வம் எல்லாம் தெரிஞ்ச ஆளுகிட்டதான் வாய் திறக்கும்.

ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்துதான் எல்லாம். இதே ஊர் ஒரு காலத்துல பொட்டப்புள்ள பொறந்தா என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும், தொட்டில் குழந்தை திட்டம்னு 1992ல சேலத்துல ஆரம்பிச்சு நம்ம மாவட்டம் வரைக்கும் வர வேண்டியிருந்துச்சு. பொட்டப்புள்ளைங்களைக் கொன்னதும் ஊருக்குப் பயந்து செஞ்சதுதான். ஊர் ஊரா வீதி நாடகம் போட்டு, பொம்பளைங்க சங்கத்துல உக்காந்து, முதல்ல ரெண்டு பேரு வாயைத் திறந்து அழுது, அப்புறம்தான் அது வெக்கப்பட வேண்டிய விஷயம்னு ஊருக்கே உறைச்சுது. நான் கண்ணால பாத்தது.

ஸ்பீக்கர் வெச்ச கூட்டமெல்லாம் வேண்டாம் அண்ணே. கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க, மாந்தோப்பு வெச்சிருக்காங்க, அவங்க பையனும் உங்க பையன் மாதிரிதான். அஞ்சு வருஷம் முன்னாடி அவங்களும் சாப்பிடாம கிடந்தவங்க. இப்ப பையனும் அவன் கூட இருக்கறவரும் சீசனுக்கு வந்து காய் பறிக்க ஒத்தாசை பண்றாங்க, சித்தப்பா வீட்டுக்காரங்க இன்னும் பேசறதில்ல, அதையும் சொல்லிடறேன். உங்க கடிதம் பத்தி பேரு சொல்லாம கேட்டேன், உங்க வீட்டம்மாகிட்ட பேசறேன்னு சொல்லிட்டாங்க. தருமபுரில எங்க வீட்டுல வெச்சுக்கலாம். அவங்க ரெண்டு பேரும் உள்ள பேசட்டும், நீங்க என் வீட்டுக்காரர்கூட திண்ணையில உக்காருங்க, பேசணும்னு இல்ல.

பையனுக்கு இன்னைக்கே ஒரு போன் போடுங்க. அன்னைக்கு ரோட்டுல நீங்க ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்ததை அவன் இன்னும் நினைச்சுக்கிட்டிருப்பான். பெருசா எதுவும் சொல்லத் தெரியலைன்னா சொல்ல வேண்டாம், சாப்டியாப்பான்னு கேளுங்க, அடுத்த வாரம் வர்றியான்னு கேளுங்க, உன் கல்யாணப் பேச்சை நான் நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் மண்டில உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்னு எனக்கு எழுதுங்க, கிருஷ்ணகிரி அம்மாவுக்கு சொல்லிடறேன்.