வாசகர் கேள்வி – பதில்: டான்யூப் கரையில் எந்த ஊரில் இறங்கி நடக்கலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் கப்பலேறி, டான்யூப் ஆற்றின் வழியாக வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் ஆகிய நகரங்களைப் பார்த்துத் திரும்பும் 7 இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்ய எண்ணியிருக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் தனிக்கட்டணத்தில் சுற்றுலா அழைத்துச் செல்வார்களாம். எனக்கு மூட்டுவலி உண்டு. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம், சகோதரி. இரண்டு இடங்களுக்கு மட்டும் கட்டுங்கள். டான்யூப் கரை நகரங்கள் ஆற்று வணிகத்தால் வளர்ந்தவை என்பதால், பலவற்றில் பழைய நகரம் துறையை ஒட்டியே இருக்கிறது. பாஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் ஒடுங்கி நிற்கும் பழைய நகரத்தை நீங்களே நிதானமாகச் சுற்றிவரலாம். அங்குள்ள பழைய நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டுவாரியாகக் குறித்திருக்கிறார்கள். 1501ஆம் ஆண்டுக்குப் பிறகு கண்டிராத வெள்ளம் 2013இல் வந்தது என்பதை அந்தக் குறியின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் உணர முடியும்.

பிராட்டிஸ்லாவாவுக்கும் வழிகாட்டி தேவையில்லை. 1563 முதல் 1830 வரை ஹங்கேரியின் அரசர்கள் அங்குள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில் முடிசூடினார்கள்; மரியா தெரேசா முடிசூடியது 1741இல். முடிசூட்டு ஊர்வலம் சென்ற வழியெங்கும் தரையில் சிறிய பித்தளைக் கிரீடங்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பழைய நகரம் தானாக விரியும். வியன்னாவில் மட்டும் கப்பல்கள் பெரும்பாலும் ரைக்ஸ்ப்ரூக்கே பாலத்தருகே, பழைய நகரத்துக்குச் சற்றுத் தொலைவில் நிற்கும். அங்கிருந்து யு1 மெட்ரோவில் ஏறினால் புனித ஸ்டீபன் பேராலயத்தின் முன்னாலேயே இறங்கலாம்.

பணம் கட்ட வேண்டிய முதல் இடம், பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் இடையில் ஆஸ்திரியாவில் உள்ள மெல்க். 1089 முதல் பெனடிக்டின் துறவிகள் வாழும் மடம் அது. இன்று நாம் காணும் மாளிகை போன்ற கட்டடம் 1702இல் தொடங்கப்பட்டது. பாறை மேட்டின் மீது இருப்பதால் உங்கள் முழங்காலுக்குப் பேருந்துதான் ஏற்றது. அங்குள்ள நூலகத்தை ஆசிரியர்களான நீங்கள் தவறவிடக் கூடாது. இரண்டாவது, புடாபெஸ்டில் புடா குன்று. எதிர்க்கரையிலுள்ள பெஸ்ட் சமதளம் என்பதால் அதை நீங்களே பார்க்கலாம்.

மூட்டுவலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருக்கள் பெரும்பாலும் கல் பாவியவை. தடித்த அடிப்பாகமுள்ள காலணி அவசியம். நெரிசல் மிகுந்த துறைகளில் கப்பல்களை ஒன்றையொன்று ஒட்டிக் கட்டுவார்கள் என்பதால், கரையேற அடுத்த கப்பலின் வழியாகவும், சில சமயம் அதன் மேல்தளத்துக்குப் படியேறியும் செல்ல நேரும். மெதுவாக நடப்போருக்குத் தனிக் குழு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் கப்பல் நின்றுவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உண்மைதான். அணைகளும், கப்பலை ஏற்றி இறக்கும் லாக்குகளும் உள்ள பகுதிகளில் நீர்மட்டம் ஓரளவு நிலையாக இருக்கும். ஜெர்மனியில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையில் அணையின்றி ஆறு இயல்பாக ஓடுவதால், மழை பொய்த்தால் முதலில் சிக்கல் எழுவது பெரும்பாலும் அங்கேதான். பாஸாவ் அதற்குக் கீழே இருப்பதால், அங்கிருந்து தொடங்கும் பயணத்தையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் வாஹாவ் பள்ளத்தாக்கிலும் வியன்னாவுக்குக் கிழக்கிலும் ஆறு தடையின்றியே ஓடுகிறது. வெள்ளம் வந்தாலோ பாலங்களுக்கு அடியில் கப்பல் நுழைய முடியாது. அப்படி நேர்ந்தால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். முன்பணம் கட்டுமுன் அதை வாசித்துவிடுங்கள். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையிலான வாஹாவைக் கப்பல் பகலில் கடக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திராட்சைத் தோட்டங்களும், இங்கிலாந்தின் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் மன்னர் 1192இல் சிறைப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடுகளும் அந்தச் சில மணி நேரத்தில்தான் கண்ணில் படும்.