ஹார்ஸ்லியின் வாழ்த்து அட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஸ்வெட்ஷர்ட்டில் அச்சிட்டுத் தரும்படி இங்கிலாந்து பையர் ஒருவர் கேட்கிறார். சிவப்பு ஃப்ளீஸ், படம் 38 செ.மீ. அகலம். நடுவில் குழந்தைக்கு ஒயின் புகட்டுகிறார்கள்; கிளாஸை எடுத்துவிடலாமா என்கிறார். காப்புரிமைச் சிக்கல் வருமா? ஒரிஜினல் கலர் எது? சாம்பிள் போட்டோவை இணைத்திருக்கிறேன், கோடெல்லாம் ஈஷிக்கொண்டது.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காப்புரிமைக் கவலை வேண்டாம். ஹார்ஸ்லி இறந்தது 1903இல்; உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த தளத்தின் நிபந்தனையை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். கிளாஸைத் தொடாதீர்கள். மதுவிலக்குக்காரர்கள் அன்றைக்கே அதைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

ஒரிஜினல் கலர் என்று ஒன்று கிடையாது. அட்டையை வரையவைத்த அரசு அதிகாரி ஹென்றி கோல் சொல்லி, லித்தோவில் (கல்லச்சில்) அடித்தது கோடு மட்டும்தான்; கலர் கையால் தீட்டியது. விலை ஒரு ஷில்லிங். கையால் தீட்டியது பிரதிக்குப் பிரதி மாறாமல் இருக்குமா? பான்டோன் நம்பர் (கலருக்கான குறியீட்டு எண்) கேட்டு உங்களைப் படுத்தும் பையரிடம் இதைச் சொல்லுங்கள்.

அச்சானது கோடு. அதைத்தான் நீங்கள் கொன்றிருக்கிறீர்கள். சாம்பிளில் படத்தைச் சுற்றியிருக்கும் கொடிப்பந்தலைப் பாருங்கள்: இலை எது, தண்டு எது என்று தெரியவில்லை, சாக்குக் கயிறு மாதிரி இருக்கிறது. சுமார் 13 செ.மீ. அட்டையை மூன்று மடங்கு பெரிதாக்கியிருக்கிறீர்கள், அதுவும் இணையத்தில் கிடைத்த சின்ன ஃபைலிலிருந்து. மங்கிய ஓரங்களை சாஃப்ட்வேர் தானாக ட்ரேஸ் செய்தால் (தடம்பிடித்து வரைந்தால்) பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அதோடு சிவப்புத் துணி. வெள்ளை பேஸ் (அடிப்பூச்சு), ஃப்ளாஷ் (சூடு காட்டி மேலாகக் காயவைப்பது), அதன்மேல் கலர், அதன்மேல் கோடு. ஒவ்வொரு சூட்டிலும் துணி கொஞ்சம் சுருங்கும், ரிஜிஸ்டர் (ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் பொருத்தம்) நகரும். துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் இன்னொரு வில்லங்கம்: மையை இறுக வைக்கும் கியூரிங் சூட்டில் சாயம் கிளம்பி வெள்ளையில் ஏறும். பெட்டியில் வெள்ளையாகப் போனது பையர் கடையில் ரோஸாக இறங்கும்.

சிவப்பை விடுங்கள். ஆஃப் ஒயிட், முகம் முழுக் காட்டன், வெளிப்பக்கம் பிசிறில்லாதது. பேஸே வேண்டாம், பிக்மென்ட் மை போதும். ஸ்கேன் 1200 டிபிஐ. கோட்டைத் தனியாகப் பிரித்து, ஹாஃப்டோன் புள்ளிகள் போடாமல் சுத்தக் கறுப்பு வெள்ளையாக, ஸ்கிரீன் செய்வதற்கான பாசிட்டிவ் ஃபிலிம் எடுங்கள். மூன்று மெல்லிய கலர் 77டி மெஷ்ஷில் (ஸ்கிரீன் வலையில் செ.மீ.க்கு 77 இழை), கோடு 120டியில், கடைசியாக. கோட்டின் தடிமனை எல்லோரும் பார்க்கிறார்கள், கோடுகளுக்கு நடுவில் சந்து இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. துணியில் மை பரவும். கோடு அறுவதற்கு முன்னால் சந்துதான் அடையும். சந்து 0.4 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஒன்றுவிட்டு ஒரு நிழல்கோட்டைக் கையால் எடுத்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு நாள் பிடிக்கும். செய்யுங்கள். 120டியில் பிக்மென்ட் சீக்கிரம் காய்ந்து கண் அடைத்துக்கொள்ளும். டீக்குப் போனால்கூட ஸ்கிரீனில் மையை இழுத்து மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கலர் அங்கங்கே கோட்டைத் தாண்டினால் பரவாயில்லை, கையால் தீட்டியது அப்படித்தான் இருக்கும்.

அகலம் 30 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். எஸ் சைஸுக்கும் அதே ஸ்கிரீன்தானே? 38 என்றால் போட்டுக்கொண்டதும் இரண்டு ஓரமும் அக்குளுக்குள் போய்விடும். அந்த ஓரங்களில் இருப்பது என்ன தெரியுமா? ஒரு பக்கம் பசித்தவர்களுக்குச் சோறு, மறுபக்கம் ஏழைகளுக்குத் துணி. நடுவில் விருந்து மட்டும் மிஞ்சினால் அது ஹார்ஸ்லியின் படமே அல்ல. (1885இல் நிர்வாண மாடல்களை எதிர்த்து ‘கிளோத்ஸ் ஹார்ஸ்லி’ என்று கேலிப்பெயர் வாங்கியவர் அவர். அவர் படத்திலேயே துணி கொடுக்கும் காட்சியை மறைக்கப் பார்க்கிறீர்கள்!)

அட்டையில் பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் இடம் விட்டிருப்பார்கள். அதைக் காலியாகவே விடுங்கள். பையர் அங்கே லோகோ கேட்டால், அதற்குக் கழுத்து லேபிள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.