“பிறகு கணக்குப் பார்ப்பம்”

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலை. கைக்கு வருவது மாதம் 8,600 டொலர், செலவு போக 900 அளவில் மிஞ்சும். பிள்ளைகளுக்கு வயது 17, 14. வருகிற ஜூலையில் லண்டனிலிருந்து அக்கா, அத்தான், அவர்களின் பிள்ளைகள் இருவர் (21, 19) வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நிற்கும் அம்மாவையும் சேர்த்தால் ஒன்பது பேர். கல்கரியில் இறங்கி, பான்ஃப், ஜாஸ்பர், வாட்டர்ட்டன் பார்த்துக்கொண்டு எல்லை தாண்டி, மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்கா வரை 11 நாள் போக விருப்பம். அத்தானுக்கு, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் 28 அடி மோட்டர்ஹோம்தான் வேண்டுமாம். எல்லாம் சேர்த்து 16,500 டொலர் வருகிறது. இப்போதைக்கு என் கடனட்டையில் போட்டு, வழக்கம்போல வீட்டு லைன் ஒவ் கிரெடிட்டால் (வீட்டை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் கடன்) அடைக்க யோசனை. அதில் ஏற்கெனவே 41,300 நிற்கிறது, வட்டி 5.45 வீதம், மாதம் 190 கட்டுகிறேன். காப்புறுதி முகவரான நண்பர் ஒருவர், ஹோல் லைஃப் பாலிசி (ஆயுள் முழுவதுக்குமான காப்புறுதி) எடுத்து அதிலிருந்து கடன் வாங்கிப் போனால் வட்டி எனக்கே திரும்பி வரும் என்கிறார். எது நல்லது? எந்தக் கடனட்டைக்குப் புள்ளிகள் கூட?

பதில்: இரண்டும் வேண்டாம். புள்ளிகளைப் பற்றிப் பிறகு எப்போதாவது கதைப்போம்.

அந்த 41,300 எப்படி வந்தது என்று கடிதத்தின் கடைசிப் பந்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2023இல் பாரிஸ் சித்தப்பா குடும்பத்தோடு மொன்றியல், கியூபெக். 2024இல் புளோரிடா. 2025இல் லண்டன் கலியாணம். நடுவில் கூரை மாற்றிய 9,000ஐயும் செருகியிருக்கிறீர்கள். கூரை தேவைதான், அதைக் கழித்துவிடுவோம். மிச்சம் 32,300 டொலர் முழுக்க உறவினரோடு ஊர் சுற்றிய காசு. அதில் எத்தனை பேர் தங்கள் பங்கைத் தந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை.

எனக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் பில் வந்ததும் மூன்று ஆம்பிளையள் பாய்வார்கள். ஒருவர் கையை மற்றவர் பிடிப்பார். “விடுங்கோ அத்தான், நீங்கள் வந்த இடத்தில...” என்பீர்கள். அவரும் பர்ஸை வெளியே எடுப்பார். பர்ஸ் வெளியே வரும், திறக்காது. வென்றது நீங்கள்தான். அந்த வெற்றி கார்டில் ஏறி, மாதக் கடைசியில் வீட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு காலத்தில் இப்படி வென்றவன்தான்.

இப்போது 190 டொலர் கதை. 41,300க்கு 5.45 வீதம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,250, மாதத்துக்கு 188. ஆக நீங்கள் கட்டுவதில் முதலைக் குறைப்பது 2 டொலர். இதைக் “கட்டிக்கொண்டு வருகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை கொடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். இதன்மேல் 16,500ஐ ஏற்றினால் 57,800. வட்டி மட்டும் மாதம் 262 ஆகும். ஐந்து வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் மாதம் சுமார் 1,100 கட்ட வேண்டும். இப்போது கட்டும் 190ஐயும் மிஞ்சுகிற 900ஐயும் சேர்த்தாலும் 1,090தான். அடுத்த கோடையில் பாரிஸிலிருந்து யாராவது வராமலா இருக்கப் போகிறார்கள்?

நண்பரின் பாலிசிக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். அண்மைக்காலமாக நம்மவர் கூடும் விருந்துகளில் எல்லாம் இந்தப் பேச்சுத்தான். பாலிசிக் கடனுக்கான வட்டி போவது காப்புறுதி நிறுவனத்துக்கு, உங்களுக்கு அல்ல. அதோடு, இன்று எடுக்கிற ஹோல் லைஃப் பாலிசியில் ஜூலைக்குள் கடன் வாங்கும் அளவுக்கு மதிப்பு எங்கே சேரும்? முதல் வருடங்களில் அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. முகவருக்குத் தரகுக் காசு மட்டும் ஜூலைக்கு முன் வந்துவிடும்.

பயணத்துக்கு வருவோம். அந்த மலைகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீற்றர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் ஒருமுறை போனவருக்கு அது தெரியும். ஆனால் உங்கள் திட்டத்தில் ஆகப் பெரிய தொகை மோட்டர்ஹோமுக்கு: 5,200. அதில் ஒன்பது பேர் கொள்ளாததால் கூடவே ஒரு காருக்கு 1,100. அத்தான் அதை ஏன் கேட்கிறார் என்பது விளங்குகிறது, படத்தில் பார்க்க அழகாக இருக்கும். கிளேசியருக்கு நீங்கள் போவதே கோயிங் டு த சன் வீதிக்காக. அதன் நடுப்பகுதியில், அவலான்ச் முகாமிலிருந்து ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமான வாகனத்துக்கு அனுமதி இல்லை. உச்சியில் உள்ள லோகன் கணவாய் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. 28 அடியை எங்கே கொண்டுபோய் மடக்குவது? பான்ஃபில் மொரேன் ஏரிக்கும் 2023 முதல் சொந்த வாகனத்தில் போக முடியாது, பஸ்தான்.

அடுத்தது எல்லை. அம்மாவின் கடவுச்சீட்டு இலங்கையினது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வீசா பற்றி ஒரு சொல்லும் இல்லை. கனடாவுக்கு வந்த வீசாவைக் காட்டி அமெரிக்காவுக்குள் போக முடியாது. அக்கா வீட்டாருக்கு பிரித்தானியக் கடவுச்சீட்டு என்பதால் வீசா வேண்டாம், ஆனால் தரைவழியாகப் போனாலும் ஈஎஸ்டிஏ என்ற, இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் பயண அனுமதி வேண்டும். ஆளுக்கு 40 அமெரிக்க டொலர் அளவில், அவரவர் போனில் அவரவர் எடுக்கலாம். 2026 முதல் கிளேசியர் உட்பட 11 அமெரிக்கப் பூங்காக்களில், அந்த நாட்டில் வசிக்காதவர்களுக்கு 16 வயதும் அதற்கு மேலும் என்றால் தலைக்கு 100 அமெரிக்க டொலர் மேலதிகக் கட்டணம். கனடாக்காரர் என்று சலுகை இல்லை. 250 டொலருக்கு ஆண்டு பாஸ் எடுத்தால் அந்தத் தலைக்கட்டணம் தேவையில்லை. உங்கள் பட்டியலில் இவை எதுவுமே இல்லை.

நான் என்றால் மொன்டானாவில் இரண்டு இரவு தங்கும் எண்ணத்தை விடுவேன். வாட்டர்ட்டனில் நின்றுகொண்டு சீஃப் மவுண்டன் எல்லைக் கடவையால் ஒரு நாள் போய்த் திரும்பலாம். அது கோடையில் மட்டும் திறந்திருக்கும், இரவில் பூட்டிவிடுவார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அம்மாவோடு நின்றால் மற்ற ஏழு பேரும் ஒரே வான், ஒரே பாஸ். இரண்டு பூங்காக்களும் 1932இலேயே ஒரே சமாதானப் பூங்காவாக இணைக்கப்பட்டவை, வாட்டர்ட்டன் ஏரியின் நடுவேதான் எல்லைக்கோடு போகிறது. அம்மாவைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனால் இரு கரையிலும் காட்டுக்குள் 20 அடி அகலத்துக்கு மரம் தறித்து விட்டிருக்கும் கோடு மலையில் நேராக ஏறிப் போவதைக் காட்டலாம். வீசா இல்லாமல் அமெரிக்கா பார்த்த மாதிரி.

கணக்கைத் திருப்பிப் போடுவோம். 9 நாள். இரண்டு வான் 2,200. அறைகள் 5,300; பான்ஃப் நகருக்குள் வேண்டாம், ஹின்டன், பின்ச்சர் கிரீக் போன்ற பூங்காவுக்கு வெளியே உள்ள ஊர்களில் பாருங்கள். எரிபொருள் 700. சாப்பாடு, பாஸ்கள், படகு 2,600. மொத்தம் 10,800. பாதி 5,400. அதோடு அம்மாவையும் சேர்த்து உங்கள் ஐந்து பேரின் விமானச் சீட்டு 2,300. ஆக உங்கள் பங்கு 7,700. இப்போது பெப்ரவரி. ஜூன் வரை ஐந்து மாதம் 900 வீதம் 4,500. போன வருடம் திரும்பி வந்த வரிப்பணம் 3,400 என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த முறையும் அந்த அளவில் வந்தால் 7,900. கடன் தேவையில்லை. ஆகஸ்டிலிருந்து அதே 900ஐ இந்த 190ஓடு சேர்த்துக் கட்டினால் பழைய 41,300 மூன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும்.

அறைகளைக் காசு திரும்பக் கிடைக்கும் விதமாகவே எடுங்கள், பத்து இருபது டொலர் கூடினாலும் பரவாயில்லை. 2024 ஜூலையில் காட்டுத்தீ ஜாஸ்பர் நகரத்துக் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை எரித்தது. புகை மூடினால் மலையும் தெரியாது.

இந்தக் கணக்கு எல்லாம் ‘பாதி’ என்ற ஒரு சொல்லில்தான் தொங்குகிறது என்பது எனக்கும் தெரியும். அதை அத்தானிடம் சொல்லப் போகாதீர்கள், அக்காவுக்கு போன் எடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே. “அக்கா, வீட்டுக் கடன் கூடிப் போச்சு, இந்த முறை ரெண்டு குடும்பமும் பாதி பாதி போடுவம். உங்கட அறையையும் வானையும் உங்கட கார்டில எடுங்கோ, லிங்க் அனுப்புறன்.” இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அட்டவணையும் அனுப்ப வேண்டாம். சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் கல்கரியில் இறங்கின அன்றே இரண்டு குடும்பமும் குடும்பத்துக்கு 1,500 வீதம் எடுத்து மருமகளிடம் கொடுங்கள். 21 வயது, கணக்கியல் படிக்கிறாள் என்று பெருமையாக எழுதியிருந்தீர்களே. பில் வந்தால் அவள் கட்டட்டும். மேசையில் யாரும் பாயத் தேவையில்லை.

அக்கா சம்மதிப்பா என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருடமும் அவவிடம் யாரும் கேட்கவில்லை. அத்தான் மோட்டர்ஹோமில் பிடிவாதமாக நின்றால், அவர் பெயரில், அவர் கார்டில் எடுக்கட்டும். லோகன் கணவாய்க்கு மட்டும் அவரையும் வானில் ஏற்றிவிடுங்கள்.