‘எனக்குப் பிடிக்கும்’ தெரிந்தால் பாதி ஸ்பானிஷ் தெரியும்

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வந்து ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயின், அர்ஜென்டினா பக்கமிருந்து வருகிறவர்களோடு சில நாள் காலையில் கடற்கரையில் பந்து விளையாடுவதுண்டு. விளையாட்டு, பொழுதுபோக்கு பற்றி அவர்கள் மொழியிலேயே நாலு வார்த்தை பேச ஆசை. இரண்டு மாதமாகச் செல்போன் செயலியில் படிக்கிறேன். வார்த்தைகள் தெரிகின்றன, வாக்கியம் வர மாட்டேன் என்கிறது. பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் ஸ்பானிஷ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்து, அங்கிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செயலியும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித்தந்திருக்கும். அந்த வழியை விட்டுவிடுங்கள். நீங்கள் பேச விரும்பும் இந்த விஷயத்தில், ஸ்பானிஷுக்குத் தமிழ்தான் கிட்டத்து உறவு.

விளையாட்டைப் பற்றிய பேச்சு ‘பிடிக்கும்’ என்பதில்தான் தொடங்கும். ஆங்கிலத்திலும் நீங்கள் படித்த பிரெஞ்சிலும் ‘நான்’ என்று ஆரம்பிப்பார்கள். தமிழில் ‘எனக்கு’. ஸ்பானிஷிலும் அப்படியே: ‘மே குஸ்தா எல் ஃபுத்போல்’. மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும், அப்புறம் கால்பந்து. உனக்கு என்றால் ‘தே குஸ்தா’. அவருக்கு என்றால் ‘லே குஸ்தா’. மரியாதையாக ‘உங்களுக்கு’ என்று ஒருவரிடம் சொல்வதற்கும் அதேதான். வயதில் மூத்த விருந்தினரிடம் ‘லே’ போட்டுப் பேசுங்கள். உங்களோடு பந்து விளையாடும் இளைஞர்களிடம் ‘தே’ போதும்.

இந்த ஒப்புமை இன்னும் ஆழமாகப் போகிறது. உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரைத் தமிழில் எப்படிக் கேட்பீர்கள்? ‘உனக்கு?’ என்றுதானே, ‘நீ?’ என்று இல்லையே. ஸ்பானிஷிலும் ‘இ ஆ தி?’ என்றுதான் கேட்க வேண்டும். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ‘இ தூ?’ என்று கேட்டுவிடுவார்கள், அது ‘நீ?’ என்பதுபோல ஒட்டாமல் நிற்கும். எனக்கும் பிடிக்கும் என்றால் ‘ஆ மீ தம்பியேன்’. நானும் விளையாடுகிறேன் என்பதற்கு மட்டும் ‘யோ தம்பியேன்’. ‘எனக்கும்’, ‘நானும்’ என்ற வித்தியாசம் அப்படியே அங்கே இருக்கிறது. எனக்கும் பிடிக்காது என்றால் ‘ஆ மீ தம்போக்கோ’.

தமிழ் கைகொடுக்காத ஓர் இடமும் உண்டு. நம் ‘பிடிக்கும்’ ஒருமை பன்மை பார்க்காது. அவர்களுடையது பார்க்கும். பிடித்த பொருள் பலவாக இருந்தால் ‘மே குஸ்தான் லோஸ் தெபோர்த்தெஸ்’, அதாவது எனக்கு விளையாட்டுகள் பிடிக்கும். செயலைச் சொல்லும்போது எத்தனை செயல் வந்தாலும் ஒருமைதான்: ‘மே குஸ்தா நதார் இ கொர்ரேர்’, நீந்தவும் ஓடவும் பிடிக்கும். எல், லோஸ் போன்ற முன்சொற்களும் நமக்குப் புதிது. அவற்றைப் பிரித்துப் படிக்காமல் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

அடுத்தது வினைச்சொல். ‘விளையாடுகிறேன்’ என்று சொன்னாலே ‘நான்’ தெரிந்துவிடுகிறது அல்லவா? ‘ஹுவேகோ’ என்பதும் அப்படித்தான், ‘யோ’ சேர்க்க வேண்டியதில்லை. ஹுவேகோ, ஹுவேகாஸ் (விளையாடுகிறாய்), ஹுவேகா (விளையாடுகிறார்), ஹுகாமோஸ் (விளையாடுகிறோம்), ஹுவேகன் (விளையாடுகிறார்கள்). ‘நாம்’ வரும் இடத்தில் மட்டும் நடுவிலிருக்கும் ‘வே’ மறைவதைக் கவனியுங்கள். ‘ஹுவேகோ அல் ஃபுத்போல் லோஸ் தொமிங்கோஸ்’ என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடுகிறேன். மெக்ஸிகோ, கொலம்பியாக்காரர்கள் பலர் நடுவிலுள்ள ‘அல்’ இல்லாமலே சொல்வார்கள், அது தவறில்லை.

கிதார் வாசிக்கிறீர்களா? நாம் பந்தை விளையாடுவோம், வீணையை வாசிப்போம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பவை ஆங்கிலமும் பிரெஞ்சும். ஸ்பானிஷ் நம் பக்கம்: ‘தோக்கோ லா கிதார்ரா’. யோகா, நீச்சல் போன்றவற்றுக்குச் ‘செய்கிறேன்’ போதும்: ‘ஆகோ யோகா’, ‘ஆகோ நதஸியோன்’.

இனி ஒலி. த என்று நான் எழுதிய இடங்களில் நாக்கு பல்லைத் தொடட்டும், ட வேண்டாம். டென்னிஸ் அங்கே ‘தெனிஸ்’. ‘நதார்’ என்பதன் நடுவில் வரும் த, நாம் ‘அது’ என்னும்போது வருகிற மெல்லிய த. ‘குஸ்தா’வின் கு, பேச்சில் ‘குணம்’ என்கிறபோது வரும் கு. ர விஷயத்தில்தான் உழைக்க வேண்டும். ரகரம் றகரம் வித்தியாசத்தை நாம் எழுத்தில் வைத்துக்கொண்டு பேச்சில் தொலைத்துவிட்டோம். அவர்கள் பேச்சிலும் வைத்திருக்கிறார்கள். ‘கோரோ’ என்றால் சேர்ந்திசைக் குழு, ரகரத்தை உருட்டி ‘கொர்ரோ’ என்றால் ஓடுகிறேன். பள்ளியில் படித்த பிரெஞ்சின் தொண்டை ‘ர’ இங்கே வரவே கூடாது. நாக்கு நுனி மேலண்ணத்துக்கு முன்னால் துடிக்க வேண்டும்.

சதுரங்கம் ஆடுவீர்கள் என்றால் ‘அஹெத்ரெஸ்’ என்ற சொல்லைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் ‘சதுரங்கம்’தான் பாரசீகத்துக்கும் அரபுக்கும் போய், அரபு வழியாக ஸ்பெயினை அடைந்தபோது இந்த உருவத்துக்கு வந்தது. இதைச் சொல்லி, விஸ்வநாதன் ஆனந்த் பல ஆண்டுகள் ஸ்பெயினில் குடியிருந்தார், 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது என்று தொடர்ந்தால் பேச்சு தானாக வளரும். புதுச்சேரியில் இரும்புக் குண்டு வீசி விளையாடும் பெத்தாங்க் அவர்களுக்கு ‘பெத்தாங்கா’. கபடிக்குப் பெயர் தேட வேண்டாம். கபடி என்றே சொல்லி, மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பயிற்சிக்குக் கடலூர் பஸ் போதும். முதல் வாரம் ‘மே குஸ்தா’ மட்டும். உங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே இருக்கிற பத்து விஷயங்களை அதில் போட்டு, உதடு அசையச் சொல்லுங்கள். பனிச்சறுக்குக்கு என்ன சொல் என்பதெல்லாம் இப்போது தேவையில்லை. இரண்டாம் வாரம் ‘ஹுவேகோ’, அதோடு எப்போது, யாரோடு. மூன்றாம் வாரம் கேள்விகள். கால்பந்து வர்ணனை கேட்டுப் படிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் வேண்டாம், வேகம் மனதை உடைத்துவிடும். அதைவிட, பழகிய விருந்தினர் ஒருவரிடம் தன் விளையாட்டைப் பற்றி அரை நிமிடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். அதையே இருபது முறை கேளுங்கள்.

அர்ஜென்டினாக்காரர்கள் ‘யோ’வை ‘ஷோ’ என்பார்கள், ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பார்கள். தடுமாற வேண்டாம், நீங்கள் படித்ததும் அவர்களுக்குப் புரியும். எந்த அணியின் ரசிகர் என்று கேட்க ஸ்பெயின்காரரிடம் ‘தெ கே எகீப்போ எரெஸ்?’ என்று கேளுங்கள். அர்ஜென்டினாக்காரரிடம் அதையே ‘தெ கே குவாத்ரோ சோஸ்?’ என்று கேட்டுப் பாருங்கள், பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார்.