எம்ஆர்ஐ அறைக்குள் ஃபைபர் சென்சார் எப்படிச் சரிப்படுகிறது?

எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் வயர் உள்ள வெப்பநிலை சென்சார் ஆகாது, ஃபைபர் மட்டும் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உலோக வயர் ஆன்டெனா மாதிரி ரேடியோ அலையை வாங்கிச் சூடாகும், தோலையே சுட்டுவிடலாம். ஃபைபர் என்பது மெல்லிய கண்ணாடி இழை, அதில் போவது வெறும் ஒளி.

ஒரு வகை, பிராக் கிரேட்டிங். 125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழையின் மையத்தில் ஒளிவிலகல் எண்ணை (கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்லும் எண்) வரிவரியாக மாற்றியிருப்பார்கள். அந்த வரிகள் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சூடேறினால் அந்த அலைநீளம் நகரும்: 1550 நானோமீட்டர் பக்கம், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கு). தொல்லை என்னவென்றால், இழையை இழுத்தாலும் நகரும். அதனால் இழுபடாத இன்னொரு கிரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள்.

மண்டைக்குள் அழுத்தம் அளப்பது வேறு வகை. அதில் இழை நுனியில் மெல்லிய சவ்வு இருக்கும். அது வளைவதை ஒளி கண்டுபிடித்துவிடும்.